எலக்ட்ரிக் குக்கரில் துவரம்பருப்பு வேகலையா? புளியைத் தள்ளி வைங்க

சகோதரி, திருப்பாதிரிப்புலியூர்ல புது எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கி, பருப்பு, முருங்கைக்காய், புளித்தண்ணி எல்லாம் ஒண்ணாப் போட்டு 10 நிமிஷம் வெச்சும் பருப்பு முழுசு முழுசா நிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. குக்கரைத் திருப்பி அனுப்பாதீங்க. புளிப்பு பட்டா எந்தக் குக்கர்லயும் பருப்பு லேசுல குழையாது.

பருப்பை அரை மணி நேரம் ஊற வெச்சு, ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி, மஞ்சள், துளி நல்லெண்ணெய் மட்டும் சேர்த்து 12 நிமிஷம் வைங்க. பெரும்பாலும் இதுல அழுத்தம் அடுப்புக் குக்கரைவிடக் குறைவு, அதனால விசில் கணக்கு உதவாது. அழுத்தம் ஏறின பிறகுதான் நிமிஷமே ஓட ஆரம்பிக்கும். முடிஞ்சதும் ஆவியைத் திறந்துவிடாதீங்க, பருப்பு நுரை வால்வுல ஏறிடும். 10 நிமிஷம் தானா அடங்கட்டும். பாத்திரத்துல பாதிக்கு மேல நிரப்பவும் வேண்டாம்.

உங்க வீட்டு போர் தண்ணி கடினமா இருந்தா பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்துங்க. சுண்ணாம்பு கலந்த தண்ணியும் பருப்பை வேக விடாது.

மசிச்ச பிறகு சாட்டே (மூடாம வதக்குற) பட்டனை அழுத்தி, முருங்கைக்காயைப் போட்டு மூடாம வேக விடுங்க. அழுத்தத்துல அது நார் நாரா பிரிஞ்சு போகும். காய் வெந்ததும் புளி, சாம்பார் பொடி. மீன் குழம்பையும் இப்படித் திறந்தே வைங்க, சங்கரா உடையாம இருக்கும்.