நிலத்தை விற்கும் முன் தம்பியின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது, கிட்னி இரண்டும் பழுது. மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று டயாலிசிஸ், ஒரு தடவைக்கு 1,800 ரூபாய். நான்தான் கூட்டிப் போகிறேன். அன்றைக்கெல்லாம் என் தையல் கடை பூட்டுதான். நகையை இரண்டு வட்டிக்கு வைத்து ஒன்றரை லட்சம் வாங்கியாயிற்று. மில்லில் 16,000 சம்பளம் வாங்கும் தம்பி வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கட்டும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இல்லையென்றால் இருக்கிற 40 சென்டை விற்க வேண்டும். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம்.

மாதம் 13 டயாலிசிஸ் என்றால் 23,400 ரூபாய். வட்டி மட்டும் 3,000. இதில் பஸ், ஆட்டோ, ஊசி மருந்து, பூட்டிக் கிடக்கும் கடை எதுவும் சேரவில்லை. ஆபரேஷன் போல ஒருமுறையோடு முடிகிற செலவென்றால் நிலத்தை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். டயாலிசிஸ் மாதாமாதம் வருகிற செலவு. நிலம் தீர்ந்தாலும் இது தீராது.

தம்பியின் சம்பளச் சீட்டை எடுங்கள். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு என்று 120 ரூபாய் போலப் பிடித்திருப்பார்கள். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. அவரை அண்டி வாழும் தாய் தகப்பனுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். அப்பாவின் சொந்த வருமானம் மாதம் 9,000-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பல வீடுகளில் மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அப்பாவை விட்டிருப்பார்கள். மில் ஆபீஸில் சொல்லிப் பெயரை ஏற்றுங்கள். அப்புறம் டிஸ்பென்சரி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் வெளி ஆஸ்பத்திரிக்குக் கடிதம். இந்த வரிசையைத் தாண்டி நேரே தனியாருக்குப் போய்விட்டு பில்லை நீட்டினால் பணம் வாங்குவது பெரும்பாடு. எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, முதல் நாளே கேட்டுவிடுங்கள். இப்போது புரிந்திருக்கும், தம்பி வேலையை விட்டால் சம்பளத்தோடு சேர்ந்து இதுவும் போய்விடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பலரும் சொல்லியிருப்பார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் நல்ல திட்டம்தான். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். தம்பியும் அதே ரேஷன் கார்டில் இருந்தால் அவர் சம்பளமே 1,92,000. அவர் தனிக் கார்டு என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். எதுவும் கைகூடாவிட்டாலும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. கூட்டத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் கடன்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடை விஷயத்தை யாரும் ஒரு செலவாகவே எண்ணவில்லை, கவனித்தீர்களா? வீட்டுப் பெண்ணின் உழைப்பு என்றால் இப்படித்தான். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவம் மாற்றும் டயாலிசிஸ் அப்பாவுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். எல்லோருக்கும் ஆகாது, கை சுத்தம் கொஞ்சம் தவறினாலும் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். ஆனால் ஒத்துவந்தால் மதுரைக்கு அலைச்சல் குறையும், நீங்கள் கடையைத் திறக்கலாம்.

நகையை அங்கேயே விடாதீர்கள். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வட்டி இதைவிட நன்றாகக் குறையும். மீட்டு அங்கே மாற்றி வையுங்கள்.

இன்னொன்று. நலம் விசாரிக்க வருகிறவர்கள் இளநீரும் ஆரஞ்சுமாகத் தூக்கி வருவார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம். ராத்திரியோடு ராத்திரியாக ஐ.சி.யூ.வுக்கு ஓட வேண்டியிருக்கும். வாசலிலேயே வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.