தேர்தல் வாக்குறுதியை நம்பி நகைக் கடனை அப்படியே விடலாமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம். ஒன்றேகால் ஏக்கர் தேயிலைத் தோட்டம். மாதம் சராசரியாக 350 கிலோ பச்சைத் தேயிலையை ஏஜென்ட் மூலம் தனியார் தொழிற்சாலைக்குப் போடுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்தரை பவுன் வைத்து 1,80,000 ரூபாய் நகைக் கடன் வாங்கியிருக்கிறேன், வட்டி 10 சதவீதம். தேசிய வங்கியில் என் கணவர் பெயரில் கிசான் கார்டு பயிர்க் கடன் 1,20,000 ரூபாய். மகளிர் குழு மூலம் அதே வங்கியில் வாங்கியதில் என் பங்கு இன்னும் 40,000 ரூபாய் பாக்கி. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நகைக் கடன், விவசாயக் கடன் எல்லாம் தள்ளுபடி, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,500 ரூபாய், தேயிலைக்கு உறுதியான விலை என்று பேசியிருக்கிறார். என் அண்ணன், "தேர்தல் முடியும்வரை ஒரு பைசா கட்டாதே, போன தடவை கட்டினவங்கதான் ஏமாந்தாங்க" என்கிறார். என் கணவரோ, "அந்த ஆளுக்கு ஒரு நிர்வாகமும் தெரியாது, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார், ஒன்றும் வராது" என்கிறார். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. நகைக்குக் கட்டலாமா? அல்லது வரப்போகும் மாதப் பணத்தை நம்பி 2,000 ரூபாய்ச் சீட்டில் சேர்ந்துவிடலாமா?

பதில்: தலைவரின் பெயரையும் கட்சியையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன் சகோதரி. யார் சொல்லியிருந்தாலும் என் பதில் இதுதான்.

மூன்று கடனில் எதையும் கட்டாமல் விடாதீர்கள். சீட்டில் இப்போது சேராதீர்கள். அதே சமயம், ஒன்றும் வராது என்று முடிவு கட்டி ரேஷன் கார்டையும் பட்டாவையும் கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் அந்தத் தலைவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் நம்புகிறார், ஒருவர் நம்பவில்லை. ஓட்டுப் போட அது தேவை. கடன் தவணைக்கு அது போதாது.

ஏன் என்று சொல்கிறேன். 2006-ல் எதிர்க்கட்சியாக இருந்த திமுக, இலவச கலர் டிவியும் 2 ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசியும் தருவதாகச் சொன்னது. பணம் எங்கே என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டும் வந்தன. 2011-ல் எதிர்க்கட்சியாக இருந்த அதிமுக மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்றது. அவையும் வந்தன. 2021-ல் மறுபடி எதிர்க்கட்சியாக இருந்த திமுக சொன்னவற்றில் பெண்களுக்கு இலவசப் பேருந்து உடனே வந்தது. நம் மலைப் பேருந்துகளுக்கு மட்டும் அது 2024-ல்தான் வந்தது என்பது உங்களுக்கே தெரியும். பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பு என்றது 3 ரூபாயாக வந்தது. கேஸ் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியமும், வங்கிக் கல்விக் கடன் தள்ளுபடியும் ஆண்டுகள் கடந்தும் வரவில்லை. ஒரே தலைவர், ஒரே தேர்தல் அறிக்கை. ஒன்று முழுதாக வந்தது, ஒன்று பாதியாக வந்தது, ஒன்று வரவே இல்லை. அப்படியானால் தலைவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போட முடியாது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் எந்த வகை வாக்குறுதி, அதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நகைக் கடனை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கங்கள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அங்கே தள்ளுபடி நடக்கக்கூடியதுதான். 2021-லும் நடந்தது. எப்படி நடந்தது என்பதுதான் உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்ட பகுதி. மார்ச்சில் வாக்குறுதி, செப்டம்பரில் சட்டமன்ற அறிவிப்பு, நவம்பரில் அரசாணை, பலருக்கு நகை கைக்கு வரும்போது 2022 ஆகிவிட்டது. 31.3.2021 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும்தான். தேர்தல் முடிவு வந்ததோ மே மாதம். முடிவைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் நகையை வைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 40 கிராம் வரைதான் என்றும் நிபந்தனை. ஆய்வு செய்த சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதி இல்லை என்று தள்ளப்பட்டன. பத்தில் ஏழு.

உங்கள் ஐந்தரை பவுன் என்பது 44 கிராம். அதே நிபந்தனை திரும்ப வந்தால் நீங்கள் அந்த ஏழில் ஒருவர். நாலு கிராம் கூடுதலாக இருப்பதால் மொத்தக் கடனும் வெளியே நிற்கும்.

கட்டினவர்கள் ஏமாந்தார்கள் என்று உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2021 மார்ச்சுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய நேர்மையான குடும்பங்களுக்கு மீதி இருந்த தொகைதான் தள்ளுபடி ஆனது. கட்டிய பணம் திரும்பவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. ஒழுங்காகக் கட்டுபவரைத் தண்டிக்கும் இந்த முறை எந்தக் கட்சி செய்தாலும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கட்டாமல் காத்திருந்து, தகுதியும் இல்லாமல் போய், ஏறிய வட்டியைச் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு. அவர்கள் கதையை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

உங்கள் கடனுக்கு வருடம் 18,000 ரூபாய் வட்டி. கெடு தாண்டினால் அபராத வட்டி, அப்புறம் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் ஏலம். நீங்கள் வாங்கியிருக்கும் கடன் கிராமுக்கு 4,000 ரூபாய் சொச்சம்தான். இன்றைய தங்கத்தின் விலை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏலம் போனால் கடன் போக மீதியை உங்களிடம் கொடுப்பார்கள். ஆனால் அதே நகையைத் திரும்பச் செய்ய செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு மேடைப் பேச்சுக்காக அந்த ஆபத்தில் உங்கள் நகையை வைக்காதீர்கள்.

கையில் இருக்கும் 30,000 ரூபாய்க்கு நான் சொல்லும் வழி இது. சங்கத்துக்குப் போய், வைத்த நகைகளில் சிறியதாக ஒன்றை, சுமார் 6 கிராம், தனியாகத் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். சுமார் 25,000 ரூபாய் ஆகும். வருடம் 2,500 ரூபாய் வட்டி மிச்சம். மீதமிருப்பது 38 கிராம். தள்ளுபடி வந்து, அதே 40 கிராம் வரம்பும் இருந்தால் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். வராவிட்டாலும் வட்டி குறைந்தது குறைந்ததுதான், ஒரு நகையும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றை மட்டும் தனியாகத் திருப்ப முடியாது, மொத்தமாக முடித்து மறுபடி வைக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னால், அதைக் கெடு தேதியில் செய்யுங்கள். அப்படிச் செய்தால் கடன் தேதி புதிதாகிவிடும், நாளை அரசாணையில் முந்தைய தேதி போட்டால் இடிக்கும் என்பது உண்மை. அதற்குப் பயந்து கெடுவைத் தாண்ட விட வேண்டாம்.

மீதி 5,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகி, பறிக்க ஒன்றும் இல்லாத வாரங்களுக்கு அது வேண்டும்.

பயிர்க் கடன் வேறு வகை. அது தேசிய வங்கியில் இருக்கிறது. மாநில அரசு அந்த வங்கிக்குத் தள்ளுபடி செய் என்று உத்தரவு போட முடியாது, முழுப் பணத்தையும் அரசே கட்ட வேண்டும். சில மாநிலங்கள் அப்படிச் செய்தது உண்டு. தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 என்று மூன்று தள்ளுபடியும் கூட்டுறவுக் கடனோடு நின்றன. "விவசாயக் கடன் எல்லாம்" என்று மேடையில் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை யாரும் விளக்குவதில்லை. கெடுவுக்குள் கட்டினால் உங்களுக்கு 7 சதவீத வட்டியில் 3 சதவீதம் குறைந்து 4 ஆகிறது. 1,20,000 ரூபாய்க்கு 4,800 ரூபாயா 8,400 ரூபாயா என்பது நீங்கள் கட்டும் தேதியில் இருக்கிறது. கெடு தாண்டியபின் வங்கியின் வழக்கமான வட்டி வேறு, சிபிலில் பதிவு வேறு. பிள்ளைகளின் படிப்புக்கு அதே வங்கிக்குத்தான் நாளை போக வேண்டியிருக்கும்.

குழுக் கடனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நீங்கள் நிறுத்தினால் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்ட வேண்டும். நிறுத்தாதீர்கள்.

அடுத்தது மாதம் 2,500 ரூபாய். உங்கள் கணவர் கேட்ட கேள்வி இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது. 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சுமார் 1.15 கோடி பெண்கள், மாதம் 1,000 ரூபாய். அதே எண்ணிக்கைக்கு 2,500 என்றால் வருடம் 34,500 கோடி. கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 20,700 கோடி. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை மதிப்பீடே 41,635 கோடி. நிதிப் பற்றாக்குறையோ மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்ற வரம்பை அப்போதே தொட்டு நின்றது. ஆக, புதுக் கடன் வாங்கிச் சமாளிக்க இடம் குறைவு. எந்த வரியை ஏற்றுவீர்கள், எந்தச் செலவை வெட்டுவீர்கள், முதல் வருடமே தருவீர்களா என்று அந்தத் தலைவரிடம் கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் உண்டு. ஓட்டுக் கேட்டு உங்கள் ஊருக்கு வரும்போது நீங்களே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால், தொகை பெரிதாக இருந்தாலும் அதைச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் கட்சிக்காரர் வந்து போட்டிக்கு ஒரு தொகை சொன்னாலும் இதே கேள்விதான்.

பணம் வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன். 1,000 ரூபாய்த் திட்டத்தையும் 2021-ல் பலர் நம்பவில்லை. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், 2023-ல் எதிர்க்கட்சியாக இருந்து ஜெயித்த காங்கிரஸ் அதே ஆகஸ்டில் மாதம் 2,000 ரூபாயைத் தொடங்கிவிட்டது. இடையில் சில தவணைகள் தள்ளிப்போயின என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் வாக்குறுதிக்கும் முதல் தவணைக்கும் இடையே இரண்டரை வருடம். விண்ணப்பித்த சுமார் 1.63 கோடிப் பேரில் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது 1.06 கோடி. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் நஞ்சை 5 அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள் என்ற நிபந்தனைகள் வாக்குறுதிக்குப் பிறகுதான் வந்தன.

சீட்டுக்காரர் இரண்டரை வருடம் காத்திருக்க மாட்டார். முதல் மாதத்திலிருந்து 2,000 ரூபாய் கட்ட வேண்டும். தவறினால் கந்து வட்டிக்கு வாங்கித்தான் சீட்டைக் கட்டுவீர்கள். இப்போது வரும் வருமானத்தில் எவ்வளவு முடியுமோ, 300 ரூபாயோ 500 ரூபாயோ, அஞ்சலக ஆர்டியில் தொடங்குங்கள். புதுத் தொகை கணக்கில் ஆறு மாதம் விடாமல் ஏறிய பிறகு சீட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பதிவு செய்த சீட்டா என்று பார்த்துச் சேருங்கள்.

தேயிலை விலையைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் நீலகிரியில் கடன் வளர்வதே அங்கேதான். கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023-ல் கோத்தகிரியில் நம் விவசாயிகள் உட்கார்ந்த உண்ணாவிரதம் உங்களுக்கு நினைவிருக்கும். தேயிலை, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தேயிலை வாரியத்தின் பொறுப்பு. குறைந்தபட்ச ஆதரவு விலை தரும் பயிர்ப் பட்டியலில் அது இல்லை. மாநிலத்தை ஆள வரும் தலைவர் ஒருவர் விலையை உறுதி செய்வேன் என்றால், அவரால் செய்யக்கூடியது அரசுப் பணத்திலிருந்து ஊக்கத்தொகை கொடுப்பதுதான். இன்ட்கோசர்வ் என்ற தேயிலைக் கூட்டுறவு இணையத்தின் தொழிற்சாலை உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கொடுத்ததைப்போல. உங்கள் 350 கிலோவுக்கு அது மாதம் 700 ரூபாய். ஆனால் நீங்கள் ஏஜென்ட் மூலம் தனியாருக்குப் போடுகிறீர்கள். எந்தக் கட்சி வந்து இந்த வழியில் எவ்வளவு கொடுத்தாலும் அது உங்கள் கைக்கு வராது. பக்கத்துக் கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினர் ஆக முடியுமா என்று இந்த மாதமே விசாரியுங்கள். முழுவதும் மாற்ற வேண்டாம், பணம் எத்தனை நாளில் பட்டுவாடா ஆகிறது என்று பார்த்துக்கொண்டு ஒரு பகுதியை அங்கே போடலாம். வீட்டுச் செலவுக் கணக்கையோ, கடந்த இரண்டு வருடத்தில் கிடைத்த மிகக் குறைந்த விலையை வைத்தே போடுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று உங்கள் பெயர் இருக்கிறதா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, அங்கே கொடுத்த போன் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தின் பட்டா இன்னும் மாமனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், தாலுகா அலுவலகத்தில் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். அது இல்லாமல் பிஎம் கிசான் 6,000 ரூபாயே பல வீடுகளில் நின்றுபோயிருக்கிறது. நகைக் கடன் ரசீதில் எடை கிராம் கணக்கில் சரியாக எழுதியிருக்கிறதா என்றும் அடுத்த முறை சங்கத்துக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள். பவுன் என்று தோராயமாகப் போட்டிருந்தால் செயலாளரிடம் சொல்லித் திருத்தி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.