வட்டி இல்லாமல் தொழில் நடத்தினால் முதல் போட ஆள் வருமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். ஆடிட்டராக நான் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி: மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். வங்கிக் கடனை அடைத்துவிட்டு, ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டம்) முறைப்படி வட்டியில்லாமல் நடத்த ஆசை. வெளியிலிருந்து முதல் போடுபவர்கள் மதிப்பார்களா?

மதிப்பார்கள். 1 கோடிக் கடனுக்கு 11 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 11 லட்சம். ஆர்டர் பாதியாகக் குறைந்தாலும் அந்த 11 லட்சம் குறையாது. அது இல்லாத கம்பெனி மோசமான வருடத்தைத் தாண்டிவிடும் என்பது பணம் போடுபவருக்குத் தெரியும். ஆனால் இதற்கு விலை உண்டு. புது மெஷின் வாங்க கடன் இல்லையென்றால் பங்கைத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் பிடி தளரும். வளர்ச்சியும் நிதானமாகத்தான் இருக்கும். அப்புறம், வட்டியைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம், பங்குதாரருக்குப் போகும் லாபத்தை அப்படிக் காட்ட முடியாது. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சந்தையில் ஒரு கம்பெனி 'ஷரீஅத் பங்கு' என்று எப்படி முடிவாகிறது?

இரண்டு சல்லடை. முதலில் தொழில்: வங்கி, காப்பீடு, மது, புகையிலை, பன்றி இறைச்சி, சூதாட்டம் எல்லாம் வெளியே. ஐடிசி அவ்வளவு பெரிய கம்பெனி, சிகரெட்டால் நிஃப்டி ஷரீஅத் பட்டியலில் இல்லை. அடுத்தது கணக்கு. இஸ்லாமிய நிதிக்கு விதிகள் வகுக்கும், பஹ்ரைனில் உள்ள அயோஃபி அமைப்பின்படி, வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் (எல்லாப் பங்குகளின் மொத்த விலையில்) 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டி வரும் டெபாசிட்டுக்கும் அதே 30. கூடாத வருமானம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், லாபத்தில் அதனால் வரும் பகுதியைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சில குறியீடுகள் 33 சதவீதம் வரை அனுமதிக்கின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடும்போது, கடன் ஒரு ரூபாய் கூடாவிட்டாலும் பங்கு விலை சரிந்தால் விகிதம் ஏறிவிடும். கம்பெனி பட்டியலை விட்டு வெளியேறும், ஷரீஅத் ஃபண்டுகள் விற்கும், விலை இன்னும் இறங்கும். எல்லையை ஒட்டி நிற்கும் கம்பெனியைவிடக் கடன் மிகக் குறைவான கம்பெனியே பாதுகாப்பு.

மகன் துபாயில் இருக்கிறான். "ஹலால் முதலீடு, மாதம் 3 சதவீதம் நிச்சயம்" என்கிறார்கள். போடலாமா? (இளையான்குடி)

வேண்டாம்மா. நட்டத்தில் பங்கு இல்லாமல் நிச்சயமாக வருவதைத்தானே வட்டி என்கிறோம்! 2019இல் பெங்களூரில் இப்படி ஹலால் பெயரில் திரட்டிய ஒரு நிறுவனம் விழுந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதே வருடம் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தின்படி இப்படித் திரட்டுவதே குற்றம். ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) கேளுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முஸ்லிம் அல்லாதவர் ஷரீஅத் ஃபண்டில் சேரலாமா?

தாராளமாக. ஷரீஅத் முறையில் நடக்கும் டாடா எத்திகல் ஃபண்டில் யார் வேண்டுமானாலும் சேரலாம். வங்கிப் பங்குகள் ஏறும் காலத்தில் பின்தங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கீழவாசலில் ஜவுளி மொத்த வியாபாரம். நண்பர் பணம் போடுகிறார், உழைப்பு என்னுடையது. நட்டம் யாருக்கு?

இது முதாரபா. லாபத்தைப் பேசியபடி பிரிக்கலாம். நட்டம் வந்தால் பணம் அவருடையது போகும், உழைப்பு உங்களுடையது போகும்; உங்கள் அலட்சியத்தால் வந்தால் மட்டும் நீங்கள் பொறுப்பு. இருவரும் பணம் போட்டால் முஷாரகா: நட்டம் அவரவர் முதலின் விகிதப்படி.

இப்படித் தொழில் செய்யும் ஒருவர் என்னிடம் சிவப்பு அட்டைப் பேரேடு கொண்டுவருவார். கடைக்குச் சரக்கு வந்த நாள், விலை, கழிவு, கடனில் போனது எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஐந்து வருடத்தில் அந்தக் கூட்டாளி இன்னும் இரண்டு பேரை அழைத்துவந்தார். நீங்களும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்து, பேரேட்டில் கையெழுத்துக்கு ஒரு பத்தி விட்டு, முதல் மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.