எந்த வசதிக்கு முதலிடம்?

கேள்வி: எங்கள் நிறுவனத்து நிரலாளர்கள் எழுதும் நிரலைத் தானாகச் சோதித்து வெளியிடும் தளம் ஒன்றை நான்கு பேர் பராமரிக்கிறோம். புதிய வசதிகள் கேட்டு நாற்பது கோரிக்கைகள் சேர்ந்துவிட்டன. அதிகம் பேர் கேட்டதை முதலில் செய்யலாமா? தளம் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் அமைப்புக் கோப்புகளின் எழுத்துமுறையையே மாற்றும் யோசனையும் இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை மட்டும் வைத்து வரிசையை முடிவு செய்யாதீர்கள். கோரிக்கை அனுப்புபவர் பெரும்பாலும் தமக்குத் தோன்றிய தீர்வைத்தான் எழுதுகிறார். எந்த இடத்தில் வேலை தடைபட்டது என்பதை எழுதுவதில்லை. பெரிய இயந்திரம் வேண்டும் என்று பத்துப் பேர் கேட்டிருந்தால், கடந்த ஒரு மாதத்துப் பதிவுகளைத் திறந்து, வேலை வரிசையில் காத்திருந்த நேரம், நிரல் நூலகங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரவிறக்கிய நேரம், சோதனை உண்மையில் ஓடிய நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டில்தான் நேரம் கரைகிறது என்றால், வேண்டியது கூடுதல் இயந்திரங்களோ தற்காலிகச் சேமிப்போதான்.

சிறிய வசதிகளைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். உங்கள் தளம் செய்யும் வேலையையே செய்யும் கிட்ஹப் நிறுவனச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால், தோல்வியடைந்த வேலைகளை மட்டும் மறுபடி ஓட்டும் வசதி அதில் 2022 மார்ச்சில்தான் சேர்ந்தது. அதுவரை, இருபது வேலைகளில் ஒன்று இணையக் கோளாறால் நின்றுபோனாலும் இருபதையும் மீண்டும் ஓட்ட வேண்டியிருந்தது. உங்கள் தளத்தில் இது இல்லையென்றால், நான் இதற்கே முதலிடம் தருவேன்.

யாருமே கேட்காத தேவைகளும் உண்டு. 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட நிரல் களஞ்சியங்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' குழுவின் 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்ற வெளியார் நிரல்கூற்றின் பதிப்புக் குறிகளைத் தாக்குநர்கள் தீய நிரலுக்குத் திருப்பிவிட்டதால், ரகசியச் சாவிகள் பதிவேடுகளில் வெளிப்பட்டன. வெளியிலிருந்து எடுக்கும் கூறுகளை, பிறர் மாற்றக்கூடிய பதிப்புப் பெயரால் அழைக்காமல், நிரலின் ஒரே ஒரு நிலையை மட்டும் குறிக்கும் மாறாத கமிட் எண்ணால் அழைக்கும்படி தளமே வற்புறுத்த வேண்டும். நாற்பது கோரிக்கைகளில் இது இருக்காது. ஆனாலும் உங்கள் திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

எழுத்துமுறை மாற்றத்தைப் பொறுத்தவரை, மிகவும் தயங்கியே இறங்குங்கள். கிட்ஹப் 2018-இல் அமைப்புக் கோப்புகளை ஹெச்சிஎல் என்ற எழுத்துமுறையில் தொடங்கி, 2019 ஆகஸ்டில் யாமல் என்ற வேறொரு முறைக்கு மாறியது உண்மைதான். ஆனால் அப்போது அது சோதனைப் பதிப்பாக இருந்தது. பழைய கோப்புகளை மாற்றித்தரும் கருவியையும் அவர்கள் கொடுத்தார்கள். உங்கள் தளத்தையோ மக்கள் அன்றாடம் நம்பி வேலை செய்கிறார்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், அத்தகைய கருவி தயாராகும்வரை அறிவிப்பே வேண்டாம். அதன்பின் இரண்டு முறைகளும் சில மாதங்கள் சேர்ந்து இயங்கட்டும். இறுதி நாளுக்கு முன்பு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, பழைய முறையைச் சில மணி நேரம் மட்டும் நிறுத்திப் பாருங்கள். 2023 ஏப்ரலில் உபுண்டு 18.04 இயக்கச் சூழலை நீக்குவதற்கு முன் கிட்ஹப் இவ்வாறுதான் செய்தது. அறிவிப்பைப் படிக்காமல் விட்ட குழுக்கள் எவை என்பது அந்தச் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.