ஜெராக்ஸ் எடுக்கலாமா? ஆசிரியர்களின் பதிப்புரிமைக் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆசிரியர்கள் எழுதியனுப்பிய கேள்விகள் இவை. பல ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவன் நான். பலர் ‘காப்புரிமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் உரிமையையும் அந்தச் சொல் குறிப்பதால், நான் ‘பதிப்புரிமை’ என்றே எழுதுகிறேன்.

தமிழாசிரியை, பேரணாம்பட்டு: ஒரு தொகுப்பிலிருந்து முழுச் சிறுகதையை நாற்பது பிள்ளைகளுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பதிப்பகம் வழக்குப் போடும் என்கிறார் தலைமையாசிரியர்.

பயப்பட வேண்டாம், அம்மா. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது அதில் ஒன்று. வினாத்தாளில் ஒரு பத்தியைச் சேர்ப்பதும், அதற்கு விடை எழுதுவதும் அப்படித்தான்.

இதை நீதிமன்றமும் தீர விசாரித்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் இருந்த பக்கங்களை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு என்றது. நகலெடுத்த பக்கங்கள் பாடத்துக்கு உண்மையில் தேவைதானா என்பதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. உங்கள் தலைமையாசிரியரிடம் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

இரண்டே எச்சரிக்கைகள்: நகலுக்கு விலை போடாதீர்கள், எழுதியவர் பெயரை விடாதீர்கள்.

கணித ஆசிரியர், வாலாஜாபேட்டை: ஒரு நூலில் 10 சதவீதம் வரை நகலெடுக்கலாம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. சரியா?

இல்லை. நம் சட்டத்தில் ஆசிரியருக்கு அப்படி ஒரு சதவீதமே கிடையாது. அமெரிக்காவில் 1976-இல் பள்ளிகளுக்காக வகுத்த வழிகாட்டுதலில் 10 சதவீதம் என்ற பேச்சு வருகிறது. அங்கேகூட அது சட்டப்பிரிவு அன்று. அவர்களுடையது ‘நியாயமான பயன்பாடு’ என்ற பொதுவான தராசு. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நம்முடைய சட்டமோ அனுமதிக்கும் செயல்களைப் பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது.

டியூஷன் சென்டர் நடத்துபவர், ஆம்பூர்: நானும் ஆசிரியன்தான். சட்டத்தில் ‘ஆசிரியர்’ என்றுதானே இருக்கிறது? அரசு ஆசிரியர் என்று இல்லையே!

இல்லைதான். உங்கள் மாணவனுக்கு ஒரு கணக்கை நகலெடுத்துத் தருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வியோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று கைடுகளிலிருந்து எடுத்த பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தின் அளவு வேறு. ஓரிடத்தில் பழைய பக்க எண்ணின்மேல் வெள்ளை மை பூசியிருக்கிறது. அட்டையில் உங்கள் சென்டர் பெயர், கீழே 350 ரூபாய். இது கற்பித்தல் இல்லை, ஐயா, புத்தக வியாபாரம்.

அவரே மீண்டும்: ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் காசு வாங்கலாமா? டெல்லிக் கடை வாங்கவில்லையா?

வாங்கியது. நகலெடுத்த கூலிக்கு வாங்கியது. பாடத்திட்டத்தை வகுத்தது பல்கலைக்கழகம். உங்கள் அட்டையில் இருப்பது கூலி அன்று, விலை. 63-ஆம் பிரிவின்படி தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதவருக்கு நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். விலை போட்ட பிறகு அந்த வாசலும் அடைபட்டுவிடும். அந்தக் கட்டுகளை இன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கையால் நீங்களே எழுதிய கணக்குகளைத் தொகுத்து விற்றால், நானே முதல் பிரதி வாங்குகிறேன்.

அறிவியல் ஆசிரியை, காட்பாடி: முழு நூலையும் நகலெடுக்க முடியாது, 10 சதவீதம்தான் என்கிறார்களே?

மேலே வாலாஜாபேட்டை ஆசிரியருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தமிழாசிரியர், குடியாத்தம்: திருக்குறளையும் பாரதியையும் நூலாகத் தொகுத்து வெளியிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மூலத்துக்கு யாரிடமும் வேண்டாம். எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். தாகூரின் உரிமை முடியவிருந்த நேரத்தில், 1991 இறுதியில்தான் 50 ஆண்டு 60 ஆனது. பாரதி 1921-இல் மறைந்தார்; அவர் படைப்புகளின் உரிமையை அரசு 1949-இலேயே பெற்று, பின்னர் மக்களுக்குத் தந்துவிட்டது. ஆனால் குறளுக்கு இன்றைய அறிஞர் எழுதிய உரை அவருடைய சொத்து. பாரதி பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய அடிக்குறிப்பும் அப்படியே. பரிமேலழகர் உரையைத் தாராளமாக எடுங்கள். மற்ற எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு, தமிழக அரசின் நாட்டுடைமைப் பட்டியலை முதலில் பாருங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், வாணியம்பாடி: ஆண்டு விழாவில் திரைப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடலாமா?

ஆடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் என்ற அளவில் இருக்கட்டும். அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது இந்த விலக்குக்குள் வராது.

சிறப்பாசிரியர், அணைக்கட்டு: பார்வையற்ற மாணவனுக்காக ஒரு நூல் முழுவதையும் பிரெய்லில் மாற்றலாமா?

மாற்றுங்கள். 2012 திருத்தம் உங்களுக்காகவே வந்தது. லாப நோக்கம் மட்டும் கூடாது.

தாளாளர், ஆற்காடு: பள்ளியின் சின்னத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளி பயன்படுத்துகிறது.

அது வணிகச் சின்னச் சட்டம். அந்தத் துறை வழக்கறிஞரைப் பாருங்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர், ஒடுகத்தூர்: 10 சதவீதத்துக்குள் எடுத்தால் பெயர் போட வேண்டியதில்லைதானே?

சதவீதத்தை விட்டுவிடுங்கள், ஐயா! மூன்றாம் முறை சொல்கிறேன். பெயர் போடுவது வேறு. 57-ஆம் பிரிவு, எழுதியவர் உரிமையை விற்றுவிட்டாலும் இது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அவரிடமே வைத்திருக்கிறது.

நான் வகுப்பெடுத்த நாட்களில் ஏழாம் வகுப்புக்கு ஒரு கவிதையை நகலெடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் புத்தகம் சாய்ந்திருந்ததால், கடைசி வரிக்குக் கீழே இருந்த பெயர் பாதியோடு நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஒரு பெண் கவிதையைப் பிழையில்லாமல் ஒப்பித்தாள். யார் எழுதியது என்று கேட்டேன். “நீங்கள்தானே, ஐயா?” என்றாள். அன்று நாற்பது தாள்களையும் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் கவிஞர் பெயரை என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.