பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே பத்திர எழுத்தர்களுக்குத் தமிழில் டைப் செய்து கொடுக்கிறேன். என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3 கணினி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. "மதர்போர்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் லைஃப்டைம் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். லினக்ஸுக்கு மாறலாமா? எது நல்லது?

பதில்: மாறலாம். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 22, அதிலும் பழைய கணினிக்கேற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேமில் ஓடும், 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், முற்றிலும் இலவசம். இதற்கு "லைசென்ஸ்" என்று யாராவது காசு கேட்டால், அந்தக் கடைப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டனவே தவிர, கணினி நின்றுவிடவில்லை; இந்தப் பயத்தை வைத்துத்தான் இப்போது வியாபாரம் நடக்கிறது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும் என்பதால், உங்கள் கணினியில் போடுபவர் அதன் தகுதிச் சோதனையை ஏமாற்றித்தான் போட வேண்டும். அந்த "லைஃப்டைம்" பெரும்பாலும் ஆக்டிவேட்டர், அதாவது லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கும் திருட்டு மென்பொருளின் வேலை. அதை ஓட்டுவதற்காக விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். சிபியுவை இரவு கடையில் விட்டு வருவதானால், கோப்புகளை வெளியே நகலெடுத்து, ரேமை யாரும் மாற்றிவிடாதபடி அதன் அளவைக் காட்டும் திரையையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையே வேண்டாம் என்றாலும் சரிதான். மிண்டை 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு எழுதி, கணினியை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தினால், எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி இரண்டும் வேலை செய்தால் நிறுவுங்கள்.

தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு யூனிகோடில் தாராளமாக டைப் செய்யலாம். ஆனால் 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்த தமிழக அரசின் அலுவலகங்களிலேயே, யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதற்கு யாரைக் கேட்பது? ஆகவே, யூனிகோடு கோப்பை வாங்கிக்கொள்வார்களா என்று உங்கள் எழுத்தர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

பிரிண்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. டைப்பிங் வேலை செய்பவர்கள் பலர் வைத்திருப்பது கேனன் எல்பிபி 2900. உங்களிடமும் அதுவே இருந்தால் அவசரப்படாதீர்கள். அது கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது. லினக்ஸுக்கான அதன் டிரைவர் பழையது, பழகியவர்களையே படுத்தும். எச்பி லேசர் பிரிண்டர்கள் பெரும்பாலும் இவ்வளவு தொல்லை தருவதில்லை. கேனன்தான் என்றால் விண்டோஸ் 10-ஐ அழிக்காமல், நிறுவும்போது "அதன் அருகில்" (alongside) என்ற தேர்வைக் கொடுங்கள்; இரண்டும் ஒரே கணினியில் இருக்கும். மிண்டில் டைப் செய்து பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டு, அச்சடிக்க மட்டும் விண்டோஸுக்குள் செல்லுங்கள். அப்போது இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது, லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்கினால் விண்டோஸையும் நீக்கிவிடலாம்.