மெத்தைக்கு முன் அடித்தட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இரு சக்கர வாகனப் பகுதி

கேள்வி: நான் 2016ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350 வண்டியில் குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறேன். கம்பெனி சீட் அமுங்கிப் போய்விட்டதால், நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றது என்று இணையத்தில் விற்பனைக்கு வந்த சீட் ஒன்றை வாங்கினேன். முன்பக்க நாக்கு (சீட்டைச் செருகி நிறுத்தும் முனை) அதன் இடத்தில் நுழைகிறது. ஆனால் பின்பக்கம் ஏறத்தாழ 1 செ.மீ. தூக்கலாக நிற்கிறது, போல்ட் துளைகளும் நேராகச் சேரவில்லை. துளையை அகட்டி இறுக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: துளையை அகட்ட வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதைத் தவிர அந்த யோசனைக்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை.

முதலில், தாங்கள் வாங்கிய சீட் எந்த ஆண்டு வண்டிக்குச் செய்யப்பட்டது என்பதை விற்பனையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் வெளிவந்த புல்லட் 350, பெயரிலும் தோற்றத்திலும் பழைய வண்டியை ஒத்திருந்தாலும், புதிய எஞ்சினும் புதிய சேசிஸும் (வண்டியின் இரும்புச் சட்டகம்) கொண்டது. ஆண்டைக் குறிப்பிடாமல் ‘புல்லட் 350க்குப் பொருந்தும்’ என்று மட்டும் போட்டு விற்கப்படும் சீட் இவ்விரண்டில் எதற்கானதாகவும் இருக்கலாம். தவறான ஆண்டுக்கானது என்று தெரிந்தால், அதில் ஒரு துளைகூடப் போடாமல், மேலுறையில் கறை படியாமல், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவதுதான் நல்லது. கை வைத்த பொருளை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

ஆண்டு சரிதான் என்றால், பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒரு பாயின்மேல் அருகருகே கவிழ்த்து வையுங்கள். மெத்தை பஞ்சுபோல இருக்கிறதா, தையல் அழகாக இருக்கிறதா என்று மேல்புறத்தைத் தடவிப் பார்த்து வாங்குவதுதான் நம் வழக்கம். ஆனால் ஒரு சீட் நல்லதா கெட்டதா என்பதைச் சொல்வது அதன் அடித்தட்டு. நாக்கின் முனையிலிருந்து போல்ட் துளை வரையுள்ள நீளத்தை இரண்டிலும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். புதியதில் அந்த நீளம் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது அச்சிலேயே பிழைபட்ட சீட். மேற்கொண்டு பாடுபடுவதில் பயன் இல்லை.

நீளம் ஒத்துவந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியவை அடித்தட்டின் கீழே செருகப்பட்டிருக்கும் ரப்பர் புஷ்கள். ஓட்டுபவரின் எடையும் பின்னால் அமர்பவரின் எடையும் இந்த ரப்பர்களின் வழியாகத்தான் சேசிஸில் இறங்க வேண்டும். போல்ட்டின் வேலை சீட் நகராமல் பிடித்து வைப்பது மட்டுமே; எடையைத் தாங்குவது அதன் வேலை அன்று. வெளியில் வாங்கும் சீட்டுகளில் பெரும்பாலும் இந்தப் புஷ்கள் இருப்பதில்லை, இருந்தாலும் உயரம் மாறியிருக்கும். புஷ் உயரமாக இருந்தால் தங்கள் சீட்டைப் போலப் பின்பக்கம் தூக்கி நிற்கும். உயரம் குறைவாக இருந்தால் பார்வைக்குக் கச்சிதமாகப் படிந்துவிடும், ஆனால் பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அடித்தட்டு நேரே இரும்பில் மோதும். இரண்டாவது நிலையே அதிக ஆபத்தானது என்பேன், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது.

தூக்கலுக்குக் காரணம் எதுவென்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு புஷ்ஷின் அடியிலும் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். சீட்டை வைத்து, போல்ட் போடாமல், ஒருவர் ஏறி அமர்ந்து இறங்கட்டும். பிறகு சீட்டைத் தூக்கிப் பார்த்தால், சேசிஸில் எந்த இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அந்தப் புஷ் மட்டும் எடையைத் தாங்குகிறது என்று பொருள். எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத இடங்களில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அறிய, சப்பாத்தி மாவைச் சிறு உருண்டைகளாக உருட்டி அங்கே வைத்து மறுபடியும் அமர்ந்து பாருங்கள். நசுங்கிய மாவின் கனமே இடைவெளியின் அளவு. அதே அளவுக்குத் தடித்த ரப்பரை வெட்டி வைக்கலாம், அல்லது பழைய சீட்டின் புஷ்களைக் கழற்றிப் புதியதில் செருகலாம். பல வண்டிகளில் இந்த மாற்றம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. வெள்ளை ஒட்டிய இடம் சேசிஸாக இல்லாமல், வயர் கட்டாகவோ டூல் பெட்டியின் மூடியாகவோ இருந்தால், தூக்கலுக்கு அதுவே காரணம். வயர் சீட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால், சில மாத அதிர்விலேயே அதன் மேலுறை தேய்ந்து, ஃபியூஸ் போகத் தொடங்கும்.

புஷ்கள் எல்லாம் படிந்த பின்னரே போல்ட்டுகளுக்கு வாருங்கள். நாக்கை நுழைத்து, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி, சீட்டைப் பிடித்து இருபுறமும் ஆட்டி நடுவில் நிற்க வைத்து, பிறகு ஸ்பேனரால் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால், சரியான துளைகூடச் சேராததுபோலத் தோன்றும். ஒர்க் ஷாப்பில் தங்களுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அகலமான வாஷரும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்; புதிய ரப்பர் சற்று அமுங்கிக் கொடுத்திருக்கும். சீட்டின் முன்முனைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே ஒரு சிறுவிரல் நுழையும் இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் ஓராண்டுக்குள் டேங்கின் பெயிண்ட் அரைபட்டுவிடும்.

துளையை அகட்டுவதை நான் இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குச் சொந்த அனுபவமும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி அகட்டி ஒரு சீட்டை மாட்டினேன். இரண்டு மாதங்கள் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் வில்லுக்குறி அருகே பிரேக் பிடித்தபோது சீட் என்னையும் பின்னால் இருந்தவரையும் சேர்த்து ஓர் அங்குலம் முன்னே நகர்த்தியது. விழவில்லை, அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தபோது பிளாஸ்டிக் அடித்தட்டில் அகட்டிய துளையிலிருந்து விளிம்புவரை விரிசல் ஓடியிருந்தது.

கேள்வி: பள்ளி ஆசிரியையான நான் கருங்கலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறேன். அரை மணி நேரம் ஓட்டினாலே உட்காரும் இடத்தில் வலி எடுக்கிறது. ஜெல் வைத்த சீட் வாங்கலாமா, அல்லது குஷன் கடையில் கொடுத்து ஃபோமை மாற்றலாமா? ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு செயற்கை ஃபோமை ஏன் தேட வேண்டும் என்று என் தந்தையார் கேட்கிறார்.
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: தங்கள் தந்தையாரின் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தில் இறுக வைத்து மெத்தையாக்கும் முறை 1929இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. பேச்சிப்பாறையிலும் குலசேகரத்திலும் விடியுமுன் வெட்டி இறக்கப்படுகிற அதே பால்தான் அதற்கும் மூலப்பொருள். இன்றைய மோட்டார் சைக்கிள் சீட்டுகளில் இருப்பதோ பாலியூரித்தேன் ஃபோம். எடை குறைவு, விலை குறைவு, அச்சில் எந்த வடிவத்துக்கும் வரும் என்பவை அது நிலைபெற்றதற்கான காரணங்கள். ரப்பர் பால் மெத்தை அமுங்கினால் உடனே மீண்டெழும். நீண்ட காலம் குழிவிழாமல் உழைக்கும். ஆனால் கனமானது, விலை கூடியது, நீர் புகுந்தால் உலர நாளாகும், வெயில் நேரடியாகப் பட்டால் பொடியும். நல்ல மேலுறைக்குள் இருக்கும்வரை கடைசிக் குறை பெரிதல்ல. ஆகவே தந்தையார் சொல்வது வீண்பேச்சு அன்று: மெத்தைக் கடையில் எஞ்சும் 2 அல்லது 3 செ.மீ. கனமுள்ள ரப்பர் பால் மெத்தைத் துண்டு கிடைத்தால், அதை மேலடுக்காக ஒட்டச் சொல்லலாம். தேங்காய் நாரையும் ரப்பர் பாலையும் சேர்த்துச் செய்யும் நார் மெத்தை மட்டும் வேண்டாம். கட்டிலுக்கு ஏற்றது, சீட்டின் மெல்லிய கனத்தில் அது பலகையைப்போல உறுத்தும்.

வலிக்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் அமரும்போது உடலின் எடை பெரும்பாலும் இடுப்பெலும்பின் இரண்டு கீழ்முனைகளில் இறங்குகிறது. மிருதுவான ஃபோம் என்றால் அந்த முனைகள் ஃபோமைத் துளைத்துக்கொண்டு அடித்தட்டு வரை போய்விடும். கடையில் அமர்ந்து பார்த்த முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருந்த சீட், அரை மணி நேரத்தில் கல்லாக மாறுவது இதனால்தான். கட்டை விரலால் அழுத்தினால் அடித்தட்டு தட்டுப்படுகிறது என்றால் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். கீழே கெட்டியான ஃபோம், மேலே மெல்லிய மிருதுவான அடுக்கு என்று வைக்கச் சொல்லுங்கள். குஷன் கடையில் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் 32, 40 என்று எண் சொல்வார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் கிலோ எடை. எண் கூடினால் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும் என்று கொள்ளலாம், கெட்டியாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் அடர்த்தியும் கெட்டித்தன்மையும் ஒன்றல்ல. எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், விரலாலும் அழுத்திப் பாருங்கள்.

ஜெல்லைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. எடையைப் பரப்பிக் கொடுப்பது உண்மைதான், ஆனால் பள்ளி வளாகத்தில் மாலைவரை வெயிலில் நிற்கும் வண்டியில் அது சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத்தான் விடும். மர நிழல் கிடைக்கும் என்றால் பரிசீலிக்கலாம். வலி அமரும் இடத்தை விட்டு இடுப்புக்கோ காலுக்கோ இறங்கினால், குஷன் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் உயரம் குறைவு. வண்டியை நிறுத்தும்போது குதிகால் தரையில் படவில்லை. சீட்டைக் குறைக்கலாமா?
– ஒரு வாசகர், திங்கள்சந்தை

பதில்: குறைக்கலாம், அளவோடு. பெரும்பாலோர் மேல்பகுதியின் கனத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதைவிட முன்பகுதியின் இரு ஓரங்களையும் சரித்து ஒடுக்குவதே பலன் தரும். தொடைகள் அகன்று நிற்பதால்தான் கால் எட்டாமல் போகிறது. 785 மி.மீ. உயரமுள்ள அகலமான சீட்டில் எட்டாத கால், 805 மி.மீ. உயரமுள்ள ஒடுங்கிய சீட்டில் எட்டிவிடுவதுண்டு. நடுப்பகுதியில் ஃபோமின் கனம் 4 செ.மீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய சீட் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. மழை நின்று இரண்டு நாள் கழித்து அமர்ந்தாலும் உடை நனைகிறது. போல்ட்டுகளும் துருவேறிவிட்டன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில் இருக்கிறோம்; தங்களுக்குக் கடல் காற்றும் சேர்த்து. மேற்பரப்பில் சதுரம் சதுரமாகத் தைத்த சீட்டுகள் பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் நீருக்கு ஒரு வாசல். ஃபோம் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, அமரும்போது திருப்பிக் கொடுக்கிறது. மேலிருந்து மெழுகோ பசையோ தடவுவதால் நிரந்தரத் தீர்வு கிடைக்காது. மேலுறையைக் கழற்றி, ஃபோமை இரண்டு மூன்று நாள் நிழலில் முழுவதும் உலர்த்தி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, தையல்கள் பக்கவாட்டில் மட்டும் வரும்படியான ரெக்சின் உறையை மாட்டச் சொல்லுங்கள். அடித்தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறையின் ஓரம் அதை மூடக் கூடாது.

உறையை அடித்தட்டில் பிடித்து வைக்கும் ஸ்டேப்ளர் பின்கள் சாதாரண இரும்பாக இருந்தால் கடலோரத்தில் ஓராண்டு தாங்குவதே அரிது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். போல்ட்டையும் அதே உலோகத்தில் மாற்றி, மரைகளில் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: இருவர் அமரும் சீட்டை எடுத்துவிட்டு ஒருவர் மட்டும் அமரும் சீட் போட்டால் போலீசார் அபராதம் விதிப்பார்களா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தேய்ந்த சீட்டுக்குப் பதிலாக அதே வடிவில், அதே எண்ணிக்கையில் ஆட்கள் அமரும் சீட்டை மாட்டுவது வேறு, அமரும் எண்ணிக்கையை மாற்றுவது வேறு. ஆர்.சி. புத்தகத்தில் இருவர் என்று பதிவாகியிருக்கும். பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, ஸ்பேனரை எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் கம்பி, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதிப்படி இருந்தே ஆக வேண்டும். புதிய சீட் அகலமாக இருக்கிறது, இடிக்கிறது என்று சொல்லிக் கைப்பிடியைக் கழற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கைப்பிடிக்கு இடம் விடாத சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.